சாய்கோடு மறுத்த நான்கு வரிகள்

2017 மே 8, திங்கட்கிழமை. வோல்கர் லெண்டெக்கே என்ற ஜெர்மன் நிரலாளர் சாம்பா மென்பொருளின் ஒரு கோப்பில் நான்கு வரி சேர்த்தார். ஒரு ‘இஃப்’, ஒரு லொக் செய்தி, ஒரு மறுப்பு, மூடும் அடைப்பு. கீழே ஒரு வெற்று வரி. இருந்த எதையும் அவர் அழிக்கவில்லை, மாற்றவுமில்லை. ஜெரமி அலிசனும் ஸ்டெஃபான் மெட்ஸ்மாக்கரும் பார்த்துச் சரி என்றார்கள். ஏழு வருடமாக உலகெங்கும் திறந்து கிடந்த ஒரு வழி அதோடு அடைபட்டது. சிவிஇ-2017-7494 என்பது அந்தக் குறைபாட்டுக்கு இடப்பட்ட இலக்கம்.

அந்த வரிகள் சொல்வது இவ்வளவுதான்: பைப்பின் பெயருக்குள் சாய்கோடு இருக்கிறதா? இருந்தால், இன்ன பைப்பைத் திறக்க மறுக்கிறேன் என்று லொக்கில் எழுது. ‘பொய்’ என்று பதில் கொடு.

இதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் உரையாசிரியர்கள் நமக்கு ஒரு பழக்கத்தை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு சொல்லைக் கண்டால், அது ஏன் இந்த இடத்தில் நிற்கிறது, பக்கத்து இடத்தில் ஏன் நிற்கவில்லை, இதற்குப் பதில் வேறொன்று வந்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது. அந்தக் கேள்விகளுக்கு ஈடு கொடுக்கும் நிரல் வரிகள் அபூர்வம். இவை ஈடு கொடுக்கின்றன. போதாததற்கு, நிரலாளர்கள் ஒரு திருத்தத்தைக் காட்டும் முறையே பாடபேதம் காட்டும் முறைதான்: பழைய வரி இது, புதிய வரி இது, சுற்றியிருக்கும் வரிகள் இவை. திருகோணமலையில் பிறந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் உழைத்த தி. த. கனகசுந்தரம்பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும்.

சாம்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் ஊரான திருகோணமலையில் பலருக்குத் தெரியாது. ஆனால் டொக்கியார்ட் வீதியிலோ என்.சி. வீதியிலோ ஒரு கணக்காளர் கந்தோருக்குள், ஒரு அச்சகத்துக்குள் எட்டிப் பாருங்கள். மேசைகளில் விண்டோஸ் கொம்பியூட்டர்கள். மூலையில், யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில், இரண்டு ஹார்ட் டிஸ்க் கொள்ளும் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று தூசி படிந்து இருக்கும். “எல்லாம் சேர்வருக்குள்ள கிடக்கு” என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். விண்டோஸ் பேசும் கோப்புப் பகிர்வு மொழியில் அதற்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பது சாம்பா. 1991 கடைசியில் கன்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆன்ட்ரூ ட்ரிட்ஜெல், வலையில் போகும் பொதிகளை ஒட்டுக்கேட்டே அந்த மொழியைப் பிடித்துத் தொடங்கிய வேலை இது. நெறிமுறையின் பெயரான எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல் எது என்று கொம்பியூட்டரில் இருந்த சொற்பட்டியலில் தேடி எடுத்த பெயர் சாம்பா. அவருக்கு 2005ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு, அந்த விருதைத் தரும் அமைப்பு சமூகப் பயனுக்காகக் கொடுக்கும் இன்னொரு விருது சஹானாவுக்குப் போனது. 2004 டிசம்பர் சுனாமி எங்கள் கரையையும் அடித்துப் போட்ட நாட்களில், காணாமற் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கையர் அவசர அவசரமாக எழுதிய மென்பொருள் அது. இரண்டுக்கும் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. லெண்டெக்கேயின் நான்கு வரியைக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் வாசிக்க முடிவதும் அதனால்தான்.

இனி அந்த வழி எப்படித் திறந்தது என்று பார்க்க வேண்டும். குறை விளங்காமல் திருத்தத்தின் நயம் விளங்காது.

சாம்பா கோப்பு மட்டும் கொடுப்பதில்லை. இந்தச் சேர்வரில் என்னென்ன ஃபோல்டர்கள் பகிரப்பட்டிருக்கின்றன, என்ன பிரிண்டர் இருக்கிறது, இந்தப் பயனர் யார் என்று விண்டோஸ் கேட்கும் கேள்விகளுக்கும் அது பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் பெயரிட்ட ஒரு பைப் உண்டு. கச்சேரியில் பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு கவுண்டர், காணிக்கு ஒரு கவுண்டர், ஓய்வூதியத்துக்கு ஒரு கவுண்டர் இருப்பதைப் போல. வருகிறவர் கவுண்டரின் பெயரைச் சொல்கிறார். வாசலில் இருக்கும் எழுதுவினைஞர் பட்டியலைப் பார்க்கிறார். அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் அனுப்பி வைக்கிறார். இல்லையென்றால், உள்ளறையில் அந்தப் பெயரில் யாராவது உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று போய்த் தேடுகிறார். இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து புதிய கவுண்டரில் உட்கார வைக்கிறார். இதுவரை பிழையில்லை. ஆனால் ஒருவர் வந்து பெயருக்குப் பதில் விலாசம் ஒன்றைச் சொல்கிறார்: இன்ன தெரு, இன்ன வீடு. எழுதுவினைஞர் அதையும் பெயராகவே எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி நடந்து, அந்த வீட்டில் இருந்த ஆளைக் கூட்டி வந்து உள்ளே உட்கார வைத்து, கையில் அரசாங்க அதிபரின் முத்திரையையும் கொடுத்துவிடுகிறார்.

வாசலில் இருக்கும் அந்தச் செயல்கூறின் பெயர் ‘இஸ்_நோன்_பைப்நேம்’. தெரிந்த பைப்பின் பெயரா இது? கேட்பது ஆம், இல்லை என்ற கேள்வி. ஆனால் தெரியாத பெயரென்றால் அந்தப் பெயரில் ஒரு மொடியூலைத் தேடி நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் அது பதில் சொல்லும். ஏற்றும் வேலையைச் செய்யும் அடுத்த செயல்கூறுக்கு வேறொரு குணம்: கொடுத்த பெயர் சாய்கோட்டில் தொடங்காவிட்டால் சாம்பாவின் சொந்த மொடியூல் ஃபோல்டருக்குள் தேடும், சாய்கோட்டில் தொடங்கினால் அதை முழுப்பாதையாக எடுத்துக்கொண்டு நேரே அங்கே போகும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. முழுப்பாதை கொடுத்து மொடியூல் ஏற்றும் தேவை நிர்வாகிக்கு வரலாம். வெளியிலிருந்து வரும் பெயர் அந்த இடம் வரை தடையின்றிப் போய்ச் சேர்ந்ததுதான் கோளாறு. 2010 மார்ச்சில் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து அது அப்படியே இருந்தது.

தாக்குகிறவனுக்கு வேண்டியவை மூன்று: சேர்வரின் 445ஆம் போர்ட் எட்ட வேண்டும், எழுத அனுமதியுள்ள ஒரு ஃபோல்டர் வேண்டும், அந்த ஃபோல்டர் சேர்வரின் வட்டில் எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும், அல்லது ஊகிக்க வேண்டும். பிறகு தான் எழுதிய ஒரு மொடியூலை எல்லோரும் படம் போடும் ஃபோல்டரில் போடுவான். அதன் முழுப்பாதையைப் பைப்பின் பெயராகச் சொல்வான். சேர்வர் அதைத் தானே எடுத்து, ரூட் அதிகாரத்தோடு ஓட்டும். திருத்தம் வெளியான சூட்டிலேயே, மெட்டாஸ்ப்ளொயிட் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவியை உருவாக்கிய எச். டி. மூர் இந்தத் தாக்குதலைத் தொடக்கிவிட ஒரே ஒரு வரி போதும் என்று காட்டினார். ஒரு வரிக்கு எதிரே நான்கு வரி.

இனி நயம்.

முதலில் இடம். இந்தக் கேள்வியை வேறு இடங்களிலும் கேட்டிருக்கலாம்: பைப்பைத் திறக்கும் கோரிக்கை வந்து விழும் இடத்தில், அல்லது மொடியூலை ஏற்றும் இடத்தில். லெண்டெக்கே தேர்ந்தது அந்தச் செயல்கூறின் வாசற்படியை. மாறியை அறிவிக்கும் வரி முடிந்தவுடன், வேறெதுவும் நடப்பதற்கு முன். அதற்குக் கீழே பிரிண்டர் சேவையை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் ஒரு பழைய ‘இஃப்’ ஏற்கெனவே இருந்தது. அதுவும் மூன்று படிதான்: கேள், லொக்கில் எழுது, ‘பொய்’ கொடு. புதிய வரிகள் அதே அச்சில் வார்த்தவை. பிறகு வந்து வாசிக்கும் ஒருவருக்கு, பத்து வருடமாக இவை இரண்டும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவை போலத் தெரியும். இடைச்செருகல் இடைச்செருகலாகத் தெரியாமல் இருப்பது பதிப்பில் குற்றம், நிரலில் கைத்திறம்.

அடுத்தது, ஒற்றை எழுத்து. ஏற்றும் செயல்கூறு முதல் எழுத்தை மட்டும்தான் பார்க்கிறது. அப்படியென்றால் முதல் எழுத்து சாய்கோடா என்று கேட்டாலே இந்தத் தாக்குதல் நின்றுவிடும். திருத்தமோ பெயரில் எந்த இடத்தில் சாய்கோடு வந்தாலும் மறுக்கிறது. ஏனென்றால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு ஒரு ஃபோல்டர் மேலே ஏறும் பழைய தந்திரத்தில் சாய்கோடு நடுவில்தான் வரும். கண்ட தாக்குதலை மட்டும் அடைக்காமல் அதன் உறவினரையும் சேர்த்து அடைத்திருக்கிறார், அதற்காக ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதாமல். ஒரு சரத்தில் ஒரு எழுத்து இருக்கிறதா என்று தேடும் செயல்கூறு சி மொழியில் ஆதிகாலம் தொட்டே இருக்கிறது. அது போதுமாக இருந்தது.

அப்படியானால் பின்சாய்கோடு? விண்டோஸ் பாதைகளில் வருவது அதுவல்லவா? வரும். ஆனால் மொடியூலைத் தேடுவது லினக்ஸ், யுனிக்ஸ் வட்டில். அங்கே பாதையைப் பிரிப்பது முன்சாய்கோடு மட்டும். பின்சாய்கோட்டையும் சேர்த்து மறுத்திருந்தால் கவனமாகச் செய்தது போலத் தோன்றியிருக்கும், பயன் ஒன்றுமில்லை. வேண்டாத காவலைப் போடாமல் விட்டதையும் நான் கணக்கில் எடுக்கிறேன். அதே நேரம் சாய்கோட்டை மறுத்ததால் யாருக்கு நட்டம்? சாம்பாவுக்குத் தெரிந்த பைப்களின் பெயர்கள் லசார்பிசி, சாமர், நெட்லொகன், வின்ரெக் என்று போகும். சாய்கோடுள்ள பெயர் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பகிர்வு, பிரிண்டர், கடவுச்சொல், எதுவும் இந்தத் தடையில் முட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மறுக்கும் விதம். கெட்ட பெயர் ஒன்று வந்தால் அதைச் சுத்தம் செய்து உள்ளே விடலாம் என்று நிரலாளருக்கு ஒரு சபலம் வரும். சாய்கோட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை ஏற்றுக்கொள்ளலாமே, மேலே ஏறும் குறியை வெட்டிவிடலாமே என்று. வலைத்தளங்களில் இப்படிச் சுத்தம் செய்யப் போய் எத்தனையோ பேர் அகப்பட்டிருக்கிறார்கள். வெட்டிய பிறகு மிஞ்சிய துண்டுகள் ஒன்றுசேர்ந்து மறுபடி அதே குறி ஆகிவிடும்படி தாக்குகிறவன் பெயரைக் கோத்து அனுப்புவான். லெண்டெக்கே பெயரைத் தொடவேயில்லை. இது பெயரல்ல, பாதை, எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். அந்த ‘பொய்’ திரும்பிப் போகும்போது, அழைத்த இடத்தில் அதை வாங்கிக்கொள்ள முன்பே ஆள் இருக்கிறது: தெரியாத பைப் என்றால் அப்படியொரு பெயர் இல்லை என்று வெளியே சொல்லும் வழக்கமான பதில். ஆகவே தாக்குகிறவனுக்குப் போவதும், எழுத்துப்பிழையோடு கேட்ட அப்பாவிக்குப் போவதும் ஒரே பதில். புதிய பிழை இலக்கம் இல்லை, புதிய வாசகம் இல்லை. உன்னைக் கண்டுகொண்டேன் என்று எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இல்லை.

கண்டுகொண்டதை எழுதி வைப்பது லொக்கில் மட்டும். இங்கேதான் ஒரு சிறு வழக்கு எனக்கு. பக்கத்து ‘இஃப்’ தன் மறுப்பை பத்தாம் மட்டத்தில் எழுதுகிறது. அந்த மட்டத்தை யாரும் சாதாரணமாகத் திறந்து வைப்பதில்லை. புதிய வரி ஒன்றாம் மட்டத்தில் எழுதுகிறது, மறுத்த பெயரையும் சேர்த்து. சாம்பாவின் இயல்பு நிலை பூச்சியம். அதாவது எதையும் மாற்றாத சேர்வரில் இந்தச் செய்தி எழுதப்படாது. ஒரே ஒரு படி ஏற்றினால் எழுதப்படும். பூச்சியத்திலேயே போட்டிருக்கலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படிப் போட்டால் வெளியே நிற்கும் எவனும் ஆயிரக்கணக்கில் சாய்கோடுகளை எறிந்து லொக்கை நிரப்பி வட்டை அடைத்துவிடலாம். ஒன்று என்பது அளந்து வைத்த எண் என்று இப்போது நினைக்கிறேன். முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

நாட்களையும் பார்க்க வேண்டும். அந்த மே 8 வெசாக் வாரத்துத் திங்கள். புதன் போயா. வெள்ளிக்கிழமை, 12ஆம் திகதி, வன்னாக்ரை என்ற ரான்சம்வெயர் உலகைச் சுற்றி அடித்தது. அது நுழைந்தது விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த வேறொரு ஓட்டை வழியாக. அதற்கு மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் கொடுத்திருந்தது. அதுவும் 445ஆம் போர்ட். அன்றைக்கு உலகம் முழுவதும் லினக்ஸ்காரர்கள் விண்டோஸ்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சாம்பாவின் நான்கு வரியும் எழுதி முடித்து, வெளியே வராமல் இருந்தன. குறையை ஒரு வரியில் விளங்கிக்கொள்ளும்படியான திருத்தத்தை வெளியே விடுவதும் குறையையே விடுவதும் ஒன்றுதான்; விநியோகஸ்தர்கள் ஆயத்தமாகும்வரை வைத்திருக்கத்தான் வேண்டும். மே 24 அன்று 4.6.4, 4.5.10, 4.4.14 என மூன்று பதிப்புகளாக அது வெளியானது. மாதம் முடியுமுன்பே, இந்த வழியால் நுழைந்து மொனேரோ நாணயம் தோண்டும் நிரல்களைச் சிலர் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று கஸ்பர்ஸ்கி பாதுகாப்பு நிறுவனம் கண்டது.

திருத்தம் எழுதப்படுவது ஒன்று, வந்து சேர்வது ஒன்று. எங்கள் துறைமுகம் இதை 1782இல் பார்த்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் படைகளைக் கரையிறக்கிக் கோட்டைகளைப் பிடித்தார். காப்பாற்ற வேண்டிய ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் கப்பல்களோடு வந்து சேர்ந்தது செப்டெம்பர் தொடக்கத்தில். கோட்டையில் அப்போது பறந்தது பிரெஞ்சுக் கொடி. 2023இல் இலங்கை அரசின் மேகக்கணினி ரான்சம்வெயரில் அகப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் தொலைந்ததும் இதே மாதிரிக் கதை. அங்கே ஓடியது ஆதரவு முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013.

கறுப்புப் பெட்டிகளுக்கு இது இன்னும் கஷ்டம். பெட்டி செய்த கம்பனி புதிய ஃபேர்ம்வெயர் அனுப்பாவிட்டால் நான்கு வரியும் வந்து சேராது. அப்படிப்பட்ட ஒரு பெட்டியோடு இந்த ஊரில் மல்லுக்கட்டிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். சாம்பா குழு அறிவித்த தற்காலிக வழியை அவர் எடுத்தார்: அமைப்புக் கோப்பில், பொதுப் பகுதியின் கீழே, ‘என்டி பைப் சப்போர்ட் இல்லை’ என்று ஒரு வரி. பைப் என்ற ஏற்பாட்டையே நிறுத்திவிடும் வரி அது. அடுத்த நாள் கந்தோரில் இருந்து அழைப்பு.

“தம்பி, சேர்வரைத் திறந்தா ஒண்டையும் காணேல்ல. ஃபைல் எல்லாம் போட்டுதா?”

“போகேல்ல அக்கா. எல்லாம் கிடக்கு. லிஸ்ட் மட்டும்தான் காட்டாது. நான் வந்து ஒவ்வொரு ஃபோல்டரா மெப் பண்ணி விடுறன்.”

என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று விண்டோஸ் கேட்பதும் ஒரு பைப் வழியாகத்தானே. அதுவும் சேர்ந்து அடைபட்டுவிட்டது. ஒரே குறைக்கு இரண்டு மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லெண்டெக்கேயின் வரிகளின் அளவு விளங்கும்: அங்கே நின்றது ஒரு எழுத்து, இங்கே நின்றது ஒரு சேவை.

பிற்பாடு மொடியூல் ஏற்றும் செயல்கூறுகளையும் சாம்பாக்காரர்கள் பிரித்துவிட்டார்கள். பெயர் கொடுத்து ஏற்றுவதற்கு ஒரு வழி, முழுப்பாதை கொடுத்து ஏற்றுவதற்குத் தனி வழி. பெயர் கேட்கும் வழியில் பாதை வந்தால் அங்கேயும் இடமில்லை. கட்டட முறைப்படி பார்த்தால் அதுதான் சரியான இடம், நோயின் வேர் அங்கேதான் இருந்தது. ஆனாலும் நயம் என்று கேட்டால் என் வாக்கு முந்தியதுக்கே. சாம்பா குழு அன்று ஆதரவு முடிந்த பழைய பதிப்புகளுக்கும் திருத்தத்தை வெளியிட்டது. வேர் வரை தோண்டும் மாற்றத்தை ஏழு வருடத்துப் பழைய நிரலில் பொருத்துவதென்றால் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே தையல் வேலை. இந்த நான்கு வரிக்குச் சுற்றிலும் எதுவும் தேவையில்லை: ஒரு பெயர், ஒரு சாய்கோடு, ஒரு ‘பொய்’. 2010இல் எழுதிய வாசலிலும் 2017இல் எழுதிய வாசலிலும் அவை அப்படியே உட்கார்ந்துகொண்டன.